மருந்தும் மனிதரும் – 14: அரை மில்லிகிராம்

1957-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நட்லி என்னும் ஊரில், லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன நிபுணரின் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்கையில் அகப்பட்ட ஒரு பொடி, 1960-ல் லிப்ரியம் என்ற பெயரோடு அமைதி மாத்திரையாகக் கடைக்கு வந்ததையும், 1963-ல் அதன் இளைய சகோதரமாகிய வேலியம் பின்தொடர்ந்ததையும் சென்ற இதழில் சொன்னேன். அவ்விரண்டின் பிடியிலிருந்து விடுபடும் உபாயத்தைச் சொல்லித்தந்த அம்மையாரின் கதை இது.

ஹெதர் ஆஷ்டன் 1929-ல் டேராடூனில் பிறந்தவர்; இந்தியக் காடுகளை வகைப்படுத்தி எழுதிய வனவியல் நிபுணர் ஹாரி சாம்பியனின் புதல்வி. ஒரு மரம் வளர எத்தனை காலம் பிடிக்கும் என்று அறிந்தவருடைய வீட்டில் பிறந்ததால்தான் அவருக்கு அத்தனை பொறுமை வாய்த்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில், 1982 முதல் 1994 வரை, இம்மாத்திரைகளை விட்டுவிட விரும்பியவர்களுக்கென்றே அவர் ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்தினார். அங்கே வந்த சுமார் முந்நூறு பேரும் பெரும்பாலும், வைத்தியர் சீட்டில் எழுதிக்கொடுத்ததை வருஷக்கணக்காக ஒழுங்கு தவறாமல் விழுங்கிவந்த சாதாரண கிருகஸ்தர்களே.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இவர்கள் பட்ட அவஸ்தையை விளக்குவது எளிது. வடம் பிடிப்பவர்கள் எத்தனை முக்கியமோ, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் அத்தனை முக்கியம். மூளையில் அந்த முட்டுக்கட்டை வேலையைச் செய்வது காபா என்னும் இரசாயனம். அமைதி மாத்திரை அதற்குக் கைகொடுக்கிறது. வெளியாள் நாள்தோறும் வந்து உதவினால் உள்ளூர்க்காரன் கை தளர்வது இயற்கைதானே? தளர்ந்திருக்கும் சமயத்தில் வெளியாளைத் திடீரென்று விலக்கினால், தேர் சரிவில் ஓடுவதுபோல், படபடப்பும் உறக்கமின்மையும் நடுக்கமும், சிலருக்கு வலிப்புமே வந்துவிடுகின்றன. 1961-லேயே, லிப்ரியத்தை மிகுந்த அளவில் மாதக்கணக்காக உண்டுவந்த 11 பேருக்கு அதைச் சட்டென்று நிறுத்திப் பார்த்ததில், 10 பேருக்குப் புதிய உபத்திரவங்களும், அவர்களில் இருவருக்கு வலிப்பும் கண்டன என்று லியோ ஹாலிஸ்டர் என்னும் வைத்தியரின் குழுவினர் பிரசுரித்திருந்தார்கள். அப்படியிருந்தும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவ்வகை மாத்திரைகளைத் தரவேண்டாம் என்று பிரிட்டிஷ் மருந்துப் பாதுகாப்புக் குழு சொல்ல 1988 ஆயிற்று. இந்த இருபத்தேழு வருஷத் தாமதத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஷ்டன் அம்மையாரின் முறையோ ஆடம்பரமற்றது. உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும் மருந்துகளை உண்பவர்களை, மெல்ல மெல்ல, நாட்கணக்கில் தங்கியிருக்கும் டயஸிபாமுக்கு, அதாவது வேலியத்துக்கு, மாற்றினார். அதற்காக அவர் வகுத்த அட்டவணையில், சீக்கிரம் இறங்கிவிடும் மருந்துகளில் ஒன்றான அல்பிரஸோலாம் அரை மில்லிகிராம் டயஸிபாம் பத்து மில்லிகிராமுக்குச் சமம். ‘அரைதானே’ என்று அலட்சியமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பின்பு, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் டயஸிபாம் உண்பவரானால், ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு மில்லிகிராமாகக் குறைத்து இருபதுக்கு வருவதும், அதன்பின் ஒவ்வொரு மில்லிகிராமாக இறங்குவதுமாக, முழுப் பிரயாணமும் முப்பது முதல் அறுபது வாரங்கள் வரை நீண்டது. இது அந்தப் பிரிவில் வைத்தியரின் கண்காணிப்பில் நடந்த கணக்கு. வலிப்பு நோய், ஈரல் கோளாறு, வயோதிகம், கர்ப்பம், உடன் உண்ணும் வேறு மருந்துகள் ஆகியவற்றால் கணக்கே மாறிவிடுமாகையால், இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாகவே மாத்திரையை உடைக்க முற்படுவது அபாயம்.

கணக்கைக்காட்டிலும் என்னை ஈர்த்தது அதை அவர் யார் கையில் கொடுத்தார் என்பதே. எத்தனை வேகம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நோயாளியுடையது என்றார். துன்பம் மிகுந்தால் அதே படியில் சில வாரங்கள் நின்றுகொள்ளலாம். ஆனால் மீண்டும் ஏறிவிடாதிருக்க முயலவேண்டும். துன்பமான நாளுக்கென்று ஒரு மாத்திரை அதிகமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. 1999-ல் கையேடாக அவர் எழுதி வைத்ததில் பெரும்பகுதி, அந்த நோயாளிகள் சொல்லக் கேட்டுத் தாம் கற்றுக்கொண்டதே என்பதை அவர் மறைக்கவில்லை.

கடைசிச் சில மில்லிகிராம்கள்தாம் கடினம் என்று எல்லோரும் அஞ்சுவார்களாம். ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம் டயஸிபாம் வரை இறங்கியபின்பு, அந்தத் துணுக்கில் மருந்தின் சக்தி அற்பமே. கைவிட மனம் வராமல் பலர் அதைப் பற்றிக்கொண்டிருப்பார்கள். விட்டபிறகோ, இதற்கா இத்தனை பயந்தோம் என்று வியப்பார்கள்.

(தொடரும்)