அழித்த எண் திரும்பி வரும்

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூருக்குள் புகுந்து தெற்கே பாய்ந்தது. 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் ஒதுங்கி, கடல்மேல் இருந்த பாலத்தைத் தகர்த்தது. குளுவாங்குக்கு வடக்கே ரயில் தடத்தை ஒட்டிய பாலோவில், ஒரு தோட்டத்தில் செம்பனைக்குக் குழி வெட்டும்போது கைத்துப்பாக்கி ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஜனவரியில் விழுந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இரும்பிடமும் கேட்க வேண்டும்.

ஜப்பானியத் தரைப்படை பரவலாக வைத்திருந்தது 14ஆம் வகைக் கைத்துப்பாக்கி. கிஜிரோ நம்புவின் வடிவமைப்பு வழியில் வந்தது, 8 மி.மீ. தோட்டா போடுவது. தைஷோ மன்னரின் 14ஆம் ஆட்சியாண்டான 1925இல் ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர். தயாரித்த ஆண்டும் மாதமும் அதன் உடலிலேயே குத்தியிருக்கும். ஷோவா மன்னரின் ஆண்டுக்கணக்கு அது. 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். 16.10 என்றால் 1941 அக்டோபர். 18.4 என்றிருந்தால் 1943 ஏப்ரல். ஜனவரிக் கதை அங்கேயே முடிந்தது. ஜப்பான் காலத்தில் பிற்பாடு வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

அடுத்து விசையைச் சுற்றிய வளையம். மஞ்சூரியாவின் குளிரில் கையுறை போட்ட விரல் நுழையவில்லை என்பதால் 1939 வாக்கில் அதைப் பெரிதாக்கினார்கள். 10 என்ற ஆண்டு குத்திய துப்பாக்கியில் பெரிய வளையம் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். சிறு உறுப்புகளிலும் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி 3 இலக்கங்கள் இருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் பலவற்றைப் பிரித்துச் சேர்த்த பொருள்.

என்னை மிகவும் வியக்க வைப்பது அழிந்த எண்ணை மீட்கும் வித்தை. அச்சால் ஓங்கிக் குத்தும்போது பள்ளம் மட்டுமா விழுகிறது? பள்ளத்துக்குக் கீழேயும் எஃகின் படிகங்கள் நசுங்கி உருக்குலைகின்றன. எண் மறையும்வரை மேற்பரப்பை அரத்தால் ராவினாலும் நசுங்கிய அடுக்கு உள்ளே மிஞ்சியிருக்கும். கண்ணாடிபோல் மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் செம்புக் குளோரைடும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய இடம் மற்ற இடத்தைவிட வேகமாக வினைபுரியும். வெற்று இரும்பில் இலக்கங்கள் மங்கலாக எழும்பி வரும். சில சமயம் சற்று நேரத்தில் மறைந்தும்விடும் என்பதால் உடனே படம் எடுத்துக்கொள்கிறார்கள். குற்றவியல் ஆய்வகங்கள் இன்றும் கையாளும் முறை இது.

அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் ஏராளம். மலேசியாவில் உரிமமின்றி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. அதனால் பாலோவில் குழி வெட்டுபவர் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்வதுதான் சரி. பளபளக்கட்டுமே என்று கம்பித் தூரிகையால் தேய்த்துவிடவும் கூடாது. துருவுக்கு அடியில் அந்த ஆண்டும் மாதமும் இன்னும் மிச்சமிருக்கலாம்.