யந்திரம் கொதிக்கையில் ஹீட்டர் குளிர்வது ஏன்?

தமிழ்நாட்டில் மோட்டார் ஓட்டிப் பழகியவர்களுக்கு வண்டியிலுள்ள ஹீட்டர் தேவையற்ற ஓர் உறுப்பு. வேலையின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய பின்னரே அதன் அருமை நமக்குத் தெரிகிறது. ஆயினும், அது நம் கால்களை வெதுவெதுப்பாக வைப்பதற்கு மட்டும் உரியதன்று. யந்திரத்தின் நிலையை முன்கூட்டி அறிவிக்கும் சாதனமும் ஆகும். இவ்வுண்மையை நான் சற்று அதிக விலை கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதத்தில், பழைய பெட்ரோல் கார் ஒன்றில் குடும்பத்துடன் சண்டிகரிலிருந்து சிம்லாவுக்குப் புறப்பட்டேன். பர்வானூவில் மலையேற்றம் தொடங்குகிறது. தரம்பூரைக் கடந்தபோது, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருவதாக மனைவி சொன்னாள். பழைய வண்டிதானே, ஹீட்டர் பழுதாகியிருக்கும் என்று பதில் கூறிவிட்டேன். சிறிது நேரத்தில் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. ஹீட்டர் குளிர்ந்திருக்கையில் யந்திரம் எவ்வாறு கொதிக்கும் என்று எண்ணி, முள்ளும் பழுது என முடிவு செய்து, சோலன் வரையில் ஓட்டிச் சென்றேன். அங்கே மெக்கானிக் பார்த்துவிட்டு, "வண்டியில் தண்ணீரே இல்லை, பாபுஜி. வெந்நீர் போனால்தானே ஹீட்டர் சுடும்?" என்றார். யந்திரத்தின் தலைப்பகுதி உஷ்ணத்தால் வளைந்துபோயிருந்தது. அதைக் கழற்றி, லேத் பட்டறையில் சமன் செய்து, புதிய கேஸ்கெட் வைத்து முடிக்க மூன்று நாட்கள் ஆயின.

என் பிழை எது? முரண்பட்டவை போல் தோன்றிய இரு குறிகளையும் தனித்தனிப் பழுதுகள் என்று கொண்டதே. அவை ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

வண்டியின் ஹீட்டருக்குத் தனியாக அடுப்பு ஏதும் இல்லை. யந்திரத்தின் உள்ளே சுற்றிச் சூடான தண்ணீரின் ஒரு பகுதி, இரண்டு ரப்பர்க் குழாய்கள் வழியாக, முன்பலகையின் பின்னே உள்ள சிறிய ரேடியேட்டருக்கு வந்து திரும்புகிறது. அதன் மீது விசிறி வீசும் காற்றே நமக்கு வெப்பக்காற்றாக வருகிறது. தண்ணீரைச் சுற்றிவரச் செய்வது பம்ப். வெளியே முகப்பில் உள்ள பெரிய ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்லும் வழியைத் திறந்து மூடுவது தெர்மோஸ்டாட் வால்வு. பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் அது சுமார் 82 முதல் 88 டிகிரி சென்டிகிரேடில் திறக்கத் தொடங்கும். ஹீட்டருக்குச் செல்லும் வழியோ பல வண்டிகளில் இந்த வால்வைச் சார்ந்ததன்று.

இதனை நினைவில் வைத்தால் நோயை நான்கு வகையாகப் பிரித்து அறியலாம்.

யந்திரமும் மிகச் சூடு, ஹீட்டரும் சூடு எனில், தண்ணீர் இருக்கிறது, ஓடுகிறது. குறை பெரும்பாலும் பெரிய ரேடியேட்டரின் பக்கம்: வால்வு திறக்கவில்லை, விசிறி சுழலவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைபட்டுள்ளது.

யந்திரமும் சூடேறவில்லை, ஹீட்டரும் குளிர்ச்சி எனில், வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. அல்லது கோடைக்கு அஞ்சி யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்.

யந்திரம் சரியான சூட்டில் இருக்க, ஹீட்டர் மட்டும் குளிர்ச்சி எனில், ஹீட்டரின் திறப்போ கம்பியோ பழுது. அல்லது துரு அடைத்துக்கொண்டது.

யந்திரம் மிகச் சூடு, ஹீட்டர் குளிர்ச்சி என்பதே நான்காவது வகை. மிக அபாயமானதும் இதுவே. தண்ணீர் குறைந்திருக்கலாம், குழாய்களில் காற்று அடைத்திருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம். பல வண்டிகளில் ஹீட்டர் உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் குறையும்போது முதலில் வறள்வது அதுவே. ஆகவே முள் ஏறுவதற்கு முன்பே ஹீட்டர் நமக்கு எச்சரிக்கை தருகிறது. உஷ்ணமானியின் உணர்கருவி தண்ணீரில் மூழ்காமல் நின்றால் முள் பொய் சொல்லவும் கூடும். எனவே கொதித்த யந்திரத்தின் முள் திடீரென்று கீழே இறங்கினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

இத்தகைய சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி யந்திரத்தை அணைத்துவிடுக. ஹீட்டரை முழுவதும் திறந்து யந்திரத்தின் சூட்டைத் தணிக்கலாம் என்று சிலர் கூறுவர். ஹீட்டரில் வெந்நீர் ஓடும்போதுதான் அது பயன்படும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கலாகாது. மூடியின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஒரு மணி நேரமாவது பொறுத்து, தடித்த துணியால் பிடித்துச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். சூடான யந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணும்.

யந்திரம் ஆறிய பின்னர் நாமே சில சோதனைகள் செய்யலாம். தண்ணீரின் மட்டம் குறைந்திருந்தால், அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும். வண்டியின் அடியிலும் குழாய் இணைப்புகளிலும் ஈரம் உண்டா? பயணியின் காலடி விரிப்பு நனைந்து, இனிய வாடை வீசி, முன்கண்ணாடியின் உட்புறம் அடிக்கடி மங்கினால், கசிவது ஹீட்டர்தான். பெல்ட் அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் பம்பையும் மின்சாரம் உண்டாக்கும் கருவியையும் ஒரே பெல்ட் சுழற்றுவதால், பாட்டரி விளக்கும் சேர்ந்து எரிவது அதற்கு அடையாளம். மட்டம் நிறைவாகவும் பெல்ட் சரியாகவும் இருந்து, யந்திரம் சூடேறிய பின்பும் ஹீட்டர்க் குழாய்கள் இரண்டும் குளிர்ந்திருந்தால், அடைபட்ட காற்றின் மீதோ பம்பின் மீதோ ஐயம் கொள்ளலாம். இச்சோதனையின்போது விசிறியிடம் கை செல்லாதிருக்கட்டும். யந்திரத்தை அணைத்த பிறகும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும்.

வெளியே கசிவே இன்றித் தண்ணீர் மீண்டும் மீண்டும் குறைந்தாலும், வெளியேற்றிய காற்று மறுபடி மறுபடி சேர்ந்தாலும், தலைப்பகுதியின் கேஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி எழுவதும், என்ஜின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் நிறம் மாறுவதும், இனிய வாடையுடன் வெண்புகை நெடுநேரம் வருவதும் இதன் குறிகள். இதற்கு மேல் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

வரும் முன் காப்பதும் கடினமன்று. வெறுந்தண்ணீர் துருவை உண்டாக்கும். மலைக்குளிரில் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து யந்திரத்தையே பிளக்கும். கூலன்டும் சுத்தநீரும் சமமாகக் கலந்த கலவை இவ்விரண்டையும் தடுக்கும். ஆனால் வழக்கமான கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு; குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். மூடியின் ரப்பரையும் ஆண்டுக்கொரு முறை பார்ப்பது நலம். சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தளர்ந்த வண்டிக்கு மலையில் சங்கடம் வருவது இதனால்தான்.

இப்பொழுதெல்லாம் நீண்ட பயணத்துக்கு முந்திய நாள் காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிடுகிறேன். வழியில் ஹீட்டரின் காற்றுக் குளிர்ந்தால், முதலில் முள்ளைப் பார்க்கிறேன். முள் உயர்ந்திருந்தால், அடுத்த ஊர் எவ்வளவு அருகில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.