கருகிய செடியை வெட்டாதீர்கள்!

எங்கள் ஊர் ஊட்டி. தை மாத உறைபனியில், மறைந்த என் மாமியார் வைத்த பதினைந்து வருஷத்து ஹைட்ராஞ்சியா செடி ஒரே ராத்திரியில் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டது. "செத்துப் போச்சு, பிடுங்கிடலாம்" என்றார் என்னவர். எனக்கு மனசு வரவில்லை. கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நுனியில் பழுப்பு, அடியில் பச்சை!

கருகிய இலைதான் உள்ளே இருக்கும் மொட்டுக்குப் போர்வை. அதனால் கத்தரியைத் தொடவில்லை. உரமும் போடவில்லை, அவசரமாகத் துளிர்த்தால் அடுத்த பனியில் அதுவும் போய்விடுமே! ராத்திரி சாக்கு போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுவேன். பங்குனியில் பனி நின்ற பிறகே பச்சை தெரியும் இடம் வரை வெட்டினேன். சித்திரையில் அடியிலிருந்து ஏழெட்டுத் துளிர்! போன வருஷக் கிளையில்தான் இது பூக்கும் என்பதால் இந்த வருஷம் பூ குறைவுதான். பரவாயில்லை. பிடுங்கச் சொன்னவர்தான் இப்போது தினமும் எட்டிப் பார்க்கிறார்!

- ஊட்டி வாசகி