தம் கட்டாதீர்கள்

புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. ஸ்கூபா கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேரை நான் முதலில் சந்திப்பது அங்கேதான். சனிக்கிழமை காலை ஆறரை மணி. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருப்பார்கள், கண் சிவந்திருக்கும். "பாடம் படிச்சாச்சா?" என்று கேட்பேன். "பஸ்ல படிச்சுக்கலாம்னு இருந்தேன் சார், தூங்கிட்டேன்" என்பார்கள். நான் முகம் சுளிப்பதற்குள், "ஆனா நீச்சல் நல்லா தெரியும் சார். எங்க ஊர் கிணத்துல ரெண்டு நிமிஷம் தம் கட்டுவேன்" என்று சேர்த்துக்கொள்வார்கள்.

படிக்கவில்லை என்பதைவிட, இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குக் கவலை. ஏன் என்று சொல்கிறேன். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

குடித்து முடித்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அப்படியே நேராக ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும். அதே டம்ளரைக் கடலில் 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால், தண்ணீர் பாதி டம்ளர் வரை ஏறியிருக்கும். 20 மீட்டரில் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 30 மீட்டரில் கால் பங்கு. கடல்மட்டத்தில் நம்மீது இருப்பது 1 காற்றழுத்தம். கீழே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று ஏறும். அழுத்தம் கூடக் கூடக் காற்று எந்த அளவில் சுருங்கும் என்பதை ராபர்ட் பாயில் 1662-இலேயே எழுதிவைத்துவிட்டார்.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். 10 மீட்டர் ஆழத்தில், கவிழ்த்த டம்ளருக்குள் டேங்க்கிலிருந்து காற்றை விட்டு முழுக்க நிரப்புகிறோம். அதை மேலே தூக்கிக்கொண்டு வந்தால், வரும் வழியெல்லாம் காற்று விரியும். மேற்பரப்பில் அது இரண்டு டம்ளர் காற்று. விரிந்ததெல்லாம் விளிம்பு வழியாகக் குமிழியாய் வழிந்து போய்விடும், டம்ளரின் வாய் திறந்திருப்பதால். நம் நுரையீரலின் வாயும் திறந்துதான் இருக்கிறது, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வரை. தம் கட்டினால் அது வாய் கட்டிய பை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஒன்றரை மீட்டர் ஏற்றம்கூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். நீச்சல்குளத்தின் ஆழம் குறைந்த பக்கமே அந்த ஆழம்தான். கிழிந்த இடம் வழியாகக் காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால், பிறகு நேரத்தோடு ஓடுகிற ஓட்டம்தான்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள், கல்லின் எடையில் விறுவிறுவென இறங்கி, தம் கட்டிச் சிப்பி பொறுக்கி மேலே வந்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். அவர்கள் இழுத்துக்கொண்டு போனது மேற்பரப்பின் காற்று. இறங்கும்போது அது சுருங்கியது. ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பியது, அதற்கு மேல் விரியவில்லை. தம் கட்டுவது அவர்களுடைய தொழில்திறம். டேங்க்கிலிருந்து ரெகுலேட்டர் என்ற வாய்க்கருவி வழியாக வருவதோ நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற காற்று. அங்கே அதே திறம் ஆளைக் கொல்லும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், தண்ணீருக்குள் பயந்தால் உடம்பு தானாகச் செய்வதும் அதையேதான்: மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயும். அந்தப் பழக்கத்தை உடைக்க ஒருமுறை கேட்டால் போதாது. வீட்டில் படித்து, வகுப்பில் கேட்டு, குளத்தில் செய்து பார்த்தவருக்கே மெல்லத்தான் படியும். வெட்சூட் கழுத்தை இறுக்க, முதுகில் டேங்க் இழுக்க, குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு முதல்முறையாகக் கேட்கிறவருக்கு அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டால் ஒப்பித்துவிடுவார். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் மறந்துவிடுவார்.

பெரியவர்கள் ஏன் இப்படிப் படிக்காமல் வருகிறார்கள் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர்களில் பலர் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய், ஒரு நாள் 'ட்ரை டைவ்' செய்தவர்கள். அங்கே நீச்சல்கூடத் தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட. பின்னாலிருந்து பயிற்சியாளர் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு, ஆழத்தையும் காற்றையும் அவரே கவனித்து, மீன் காட்டிக் கூட்டிவந்திருப்பார். ஸ்கூபா என்றால் இவ்வளவுதான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இங்கே நீங்கள் சேரும் ஓப்பன் வாட்டர் வகுப்பு வேறு. முடித்தவர் 18 மீட்டர் வரை, பயிற்சியாளர் இல்லாமலே, ஒரு துணையோடு இறங்கலாம். அந்தத் துணையின் உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதனால்தான் 5 பாடங்கள், குளத்தில் 5 பயிற்சிகள், கடலில் 4 முறை, 50 கேள்விகளோடு ஒரு தேர்வு. பாடத்தைப் போனிலேயே படித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கினால் நடக்கும் காரியம்.

நீச்சலைப் பொறுத்தவரை கேட்பது கொஞ்சம்தான். 200 மீட்டர் நீந்த வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் பலர் தடுமாறுவது இந்த மிதப்பதில்தான். சும்மா இருந்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

மருத்துவப் படிவத்தைத்தான் நிதானமாகப் படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பலர் மேலிருந்து கீழே வரை 'இல்லை', 'இல்லை' என்று ஒரே மூச்சில் போட்டுத் தருகிறார்கள். அப்படிப் போட்டுத் தந்த ஒருவர், படகு ஏறும் நேரத்தில் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அடித்துக்கொண்டார். அவரை நான் ஏற்றவில்லை. லீவு போட்டு, பணம் கட்டி வந்தவர். கோபத்தில் கை நடுங்கியது அவருக்கு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கினால், அதற்கு அப்பால் இருக்கும் காற்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அவர் தம் கட்டாவிட்டாலும், நெஞ்சுக்குள் ஒரு மூலையில் டம்ளரின் வாய் அடைபட்டுவிடும். 'ஆம்' என்று எழுதினால் வாய்ப்பே போய்விடும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. மருத்துவர் பரிசோதித்து, இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டால் போதும். ஆஸ்துமா இருந்தும் அப்படி இறங்குகிறவர்கள் உண்டு. இரண்டு வாரம் முன்பே போயிருந்தால், அவருக்கும் அன்று ஒரு பதில் கையில் இருந்திருக்கும்.

சளியோடும் வராதீர்கள். காதுக்குள், செவிப்பறைக்கு அந்தப் பக்கம், இன்னொரு சின்ன டம்ளர் இருக்கிறது; தொண்டையோடு அதை இணைக்க மெல்லிய குழாய் ஒன்று. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அந்தக் குழாய் வழியாகக் காற்றை நிரப்புகிறோம்; ஈக்வலைஸ் செய்வது என்போம். வலிக்கும் முன்பே செய்ய வேண்டும், மீட்டருக்கு ஒரு முறையாவது. சளி அடைத்தால் அது நடக்காது. மாத்திரை போட்டு வந்தால், மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்து, ஏறும்போது காற்று வெளிவர வழியில்லாமல் போகலாம். ஒரு வாரம் தள்ளி வாருங்கள். கடல் எங்கும் போய்விடாது.

ஞாயிறு மாலை விமானத்துக்கும் டிக்கெட் போடாதீர்கள். பல நாள் இறங்கினால், கடைசியாக ஏறியதிலிருந்து 18 மணி நேரம் பறக்கக் கூடாது. மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் மழித்துக்கொண்டால் மாஸ்க் ஒட்டி உட்காரும். மனமில்லை என்றால் பரவாயில்லை, தண்ணீரை ஊதி வெளியேற்றக் கூடுதலாகப் பழகிக்கொள்ளலாம்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். 54 வயது, வங்கி வேலை. நீச்சல் சுமார்தான். ஆனால் ஆறு வாரமாக மிதக்கப் பழகியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு 80 பக்க நோட்டில் பாடத்தைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கடையில்தான் உட்கார்ந்து, "ரெகுலேட்டர் வாயில இல்லாதப்ப என்ன செய்யணும்னு புரியுது தம்பி. ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வருமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, பார்க்கலாம்மா என்றேன்.

குளத்தின் அடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்ததும், ரெகுலேட்டரை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். எடுத்தார். கண்கள் பெரிதாகின. கை பின்னால் போய் குழாயைத் தேடியது, முதல்முறை கிடைக்கவில்லை, மறுபடி தேடியது. அவ்வளவு நேரமும் அவர் உதட்டோரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன.