புதிய லொறியும் பாவித்த லொறியும்: கல்முனைக் கரையோரத்தில் ஒரு கணக்கு

கிழக்கே செல்லும் புகைவண்டிப் பாதை மட்டக்களப்போடு முடிவடைகின்றது. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களுக்குத் தண்டவாளம் இல்லை. ஆகவே, இப்பகுதியின் நெல்லும் அரிசியும் மீனும் கைத்தறித் துணியும் வீதியையே நம்பியுள்ளன. முற்காலத்தில் இக்கரையோரத்து முஸ்லிம்கள் தவளம் எனப்படும் பொதிமாட்டு நிரைகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு கண்டி நாட்டுக்குச் சென்று வணிகம் செய்து மீண்டனர். அத்தொழிலின் வழித்தோன்றலே இன்றைய லொறித் தொழில் எனின் மிகையாகாது.

இத்தொழிலில் ஈடுபட்டோருட் பலர் ஒரே லொறிக்கு உரிமையாளராகவும் அதன் சாரதியாகவும் இருப்பவர். இவர்தம் முதல் பெரும்பாலும் விற்ற வயலாகவோ மனைவியின் நகையாகவோ இருக்கும். புதியதை வாங்குவதா, பாவித்ததை வாங்குவதா என்னும் வினாவிலே தவறினால் போவது இலாபம் மட்டுமன்று.

பொருளியலார் செலவை இருவகைப்படுத்துவர். லொறி ஓடினும் ஓடாவிடினும் உண்டாவது நிலையான செலவு. தேய்மானம், நிதிச் செலவு, காப்புறுதி என்பன இதில் அடங்கும். ஓடுந்தோறும் வளர்வது மாறுஞ் செலவு. டீசல், டயர், பழுதுபார்ப்பு என்பன இதன்பாற்படும். புதிய லொறியில் முன்னது மிகும். பழையதிற் பின்னது மிகும். உதாரணத்துக்காக, புதியதன் நிலையான செலவு மாதந்தோறும் ரூபா 1,20,000 கூடுதல் எனவும், பழையது கிலோமீற்றர் ஒன்றுக்கு ரூபா 30 அதிகம் விழுங்கும் எனவும் கொள்வோம். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடும்போது இரண்டும் சமமாகும். இரத்தினபுரி வழியாகச் செல்லும் ஏ-4 வீதியிற் கல்முனைக்கும் கொழும்புக்கும் இடைத்தூரம் 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எனவே மாதம் ஐந்து முறைக்கு மேற் கொழும்பு சென்று மீள்பவருக்குப் புதியதும், அதனிற் குறைந்தவருக்குப் பழையதும் இலாபந் தரும். தொகைகள் மாறலாம், கணக்கிடும் முறை மாறாது.

ஆயினும் எம்மாதத்து ஓட்டத்தை எடுத்துக்கொள்வது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்களிற் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக அறுவடை யூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் நிகழும். அந்நாட்களில் லொறிக்கு ஓய்வில்லை. கையிற் பணம் புழங்கும் அக்காலத்திலேயே புதிய லொறி வாங்கும் ஆசையும் எழுகின்றது. மழைக்காலத்திற் சம்மாந்துறை ஆலைக்கும் கல்முனைச் சந்தைக்கும் இடையே ஓடும்போதும் தவணைத் தொகை குறையாது. ஆதலின் பன்னிரண்டு மாதத்துச் சராசரியே அளவுகோலாதல் வேண்டும். இதற்கு எதிர்வாதமும் உண்டு. அறுவடையின் நடுவிலே பழைய லொறி பத்து நாள் பட்டறையிற் கிடப்பின், இழப்பது பத்து நாட் கூலி மட்டுமன்று. வாடிக்கையான ஆலைக்காரர் வேறொருவரிடம் சென்றுவிடுவார்.

அண்மைய ஆண்டுகள் இக்கணக்கைக் கலக்கிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. பாவித்த பொருளின் விலை ஆண்டுதோறும் இறங்கும் என்பது பாடநூல் விதி. இங்கோ பாவித்த லொறிகளின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறிற்று. 2022இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்கு மேற் சென்றமையால் உதிரிப்பாகங்களின் விலையும் உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. எரிபொருள் அனுமதி முறை வந்தபோது லொறிக்குத் தொடக்கத்தில் வாரம் 50 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் லொறி அதனைக்கொண்டு 400 கிலோமீற்றர் செல்லும். 5 ஓடுவது 250 கிலோமீற்றரில் நின்றுவிடும். பழைய எஞ்சினின் டீசற் பசி அதுவரை பணக்குறையாகவே இருந்தது. அப்போது கொழும்பை அடைய முடியாத தூரக்குறையாகவும் ஆயிற்று. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர் அவ்விலையை மீட்கலாமென நம்பியிருத்தல் தகாது.

கடன் பெறும் வழியும் முடிவை மாற்றும். வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம்கள் முறாபஹா, இஜாறா முறைகளை நாடுவர். 2011இல் தொழிற்படத் தொடங்கிய அமானா வங்கி இவ்வகையில் இலங்கையின் முதலாவது முழுமையான வங்கியாகும். முறாபஹாவில் வங்கி பொருளை வாங்கி, இலாபத்தைச் சேர்த்து, முன்னரே தீர்மானித்த விலைக்கு விற்கின்றது. இடையில் நாட்டின் வட்டி வீதம் ஏறினும் அவ்விலை ஏறாது. ஆனால் வயது முதிர்ந்த வாகனத்துக்கு நிதியளிக்க எந்நிறுவனமும் தயங்கும். ஆகவே மிகப் பழையதை வாங்குவோர் கைப்பணத்தையே போடவேண்டும்.

பாவித்ததையே தெரிவு செய்வோர் அது முன்னர் எங்கே ஓடியது என்பதை முதலில் அறிதல் நன்று. கரையோரத்தில் மீன் ஏற்றிய லொறியில் உருகிய ஐசும் உப்புநீரும் வடிந்து அடிச்சட்டத்தை உள்ளிருந்தே அரித்திருக்கும். மேலே பூசிய புதுவர்ணம் அதனை மறைக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கின் துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மலைநாட்டில் ஓடியதிற் துரு குறைவாயினும் பிரேக், கிளச், கியர்ப்பெட்டி என்பன தேய்ந்திருக்கக் கூடும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கிருந்து புகை அழுத்தமாக வெளிப்படின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்க. வெறும் லொறியைக் கல்முனைத் தெருவில் ஓட்டிப் பார்ப்பதாற் பயன் சிறிதே. பாரமேற்றி ஒரு மலையேற்றத்தில் ஓட்டிப் பார்த்தற்கு விற்பவர் இணங்காராயின், வாங்குபவர் வேறு லொறியைத் தேடலாம்.