தலைவலியின் வேர் பல்லில் இருக்கலாம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

“பல் பிடுங்குவதற்கு ஒரு தனிப் பிரிவு அவசியந்தானா? அந்தக் காணிக்கையை வேறு வார்டுக்குக் கொடுக்கக்கூடாதா?” என்று ஆலய வாசலில் ஒரு பெரியவர் அன்போடு எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தாயாரின் கதையைச் சொல்லி அதற்குப் பதில் எழுத விரும்புகிறோம்.

இரண்டு வருடத் தலைவலி

அந்தத் தாயாருக்கு வயது நாற்பதுக்கு மேல். பீடி சுற்றும் தொழில். காலையிலிருந்து மாலைவரை குனிந்த தலை நிமிராமல் வேலை. இரண்டு வருடமாக வலது நெற்றிப்பொட்டில் தலைவலி. காதுக்குள்ளும் குத்தும். கண்ணில் கோளாறு என்று இரண்டு முறை கண்ணாடி மாற்றினார்கள். யாரோ செய்வினை என்றார்கள். கடைசியில் தெருமுனைக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரைதான் துணை. முதலில் வாரம் ஒன்று, பிறகு நாளுக்கு இரண்டு என்று ஆகிவிட்டது. நம் மருத்துவமனைக்கு அவர் வந்தது தலைவலிக்காக அல்ல, வயிற்றெரிச்சல் தாங்க முடியாமல்தான்.

வயிற்றைப் பரிசோதித்த டாக்டர், “எதற்கம்மா இவ்வளவு மாத்திரை?” என்று விசாரித்து, அவரைப் பல் பிரிவுக்கு அனுப்பினார். மேல் வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருந்தது. தாடைத் தசைகளைத் தொட்டாலே வலித்தது. “பல் எப்போதாவது கூசும், ஆனால் வலி தலையில்தானே இருக்கிறது?” என்றார் அவர். பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

ஒரே நரம்பு, மூன்று கிளைகள்

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாவது நரம்புக்கு மூன்று கிளைகள் உண்டு. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் போகின்றன. மூளையை மூடியிருக்கும் உறையின் வலியுணர்வில் பெரும்பகுதியும் இதே நரம்பின் வழியாகத்தான் வருகிறது. மூன்று கிளைகளின் செய்திகளும் மூளைத்தண்டில் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. ஆகையால் வலி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளை சில வேளைகளில் தவறாகக் கணிக்கிறது. பல்லில் நோய், வலியோ பொட்டில்! கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் சரீரத்தின் அவயவங்களைக் குறித்துச் சொன்னது உங்கள் நினைவுக்கு வரலாம். ஒன்றின் பாடு மற்றொன்றுக்கும் உண்டு என்பதைப் பல் நாற்காலியருகே நாங்கள் தினமும் காண்கிறோம்.

பல்லிலிருந்து தலைக்கு வலி பரவப் பொதுவான காரணங்கள் இவை:

1. ஆழமான சொத்தை. பல்லின் நடுவிலுள்ள நரம்பும் இரத்தக்குழாயும் வீங்கும்போது வலி காதுக்கும் பொட்டுக்கும் பரவும். மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று நோயாளிக்கே தெரியாது. ஆனால் வலி பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்திலேயே நிற்கும்.

2. முழுமையாக முளைக்காத ஞானப்பல். அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல், காதுவரை வலிக்கும்.

3. தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடித்தல். கவலை மிகுந்தவர்கள் பகலிலும் தங்களை அறியாமலே பற்களை இறுக்கிக்கொள்கிறார்கள். பொட்டிலுள்ள தசையும் கன்னத்துத் தசையும் ஓய்வின்றி வேலை செய்வதால், காலையில் எழும்போதே இரு பொட்டுகளிலும் மந்தமான வலி இருக்கும்.

4. சைனஸ். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்துச் சைனஸ் அறையின் தரையை ஒட்டியிருக்கின்றன. பல்லின் சீழ் அங்கே பரவலாம். சளியால் சைனஸ் அடைத்தால் நல்ல பற்களும் வலிக்கலாம். குனிந்தால் வலி கூடுவது இதற்கு ஒரு அடையாளம்.

எல்லாத் தலைவலியும் பல்லால் அல்ல

இதை வாசித்துவிட்டுத் தலைவலி வந்தவுடன் பல்லைப் பிடுங்கச் சொல்லி யாரும் வரவேண்டாம். பெரும்பாலான தலைவலிகள் ஒற்றைத் தலைவலி அல்லது தசை இறுக்கத்தால் வருபவை. மின்சாரம் பாய்ந்தது போல் சில விநாடிகள் முகத்தில் வெட்டி மறையும் வலி ஒன்றும் உண்டு. அது நரம்பின் நோய். அதைப் பல்வலி என்று எண்ணி, ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களை இழந்தவர்களும் இருக்கிறார்கள். நடக்கும்போது அல்லது வேலை செய்யும்போது கீழ்த்தாடையில் வலித்து, ஓய்வெடுத்தால் நிற்குமானால் அது இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டுவலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் தாமதிக்கக்கூடாது. இரத்தக்குழாய் அழற்சியால் பார்வையே போகக்கூடிய நிலை அது.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பல் நோயிலும் அவசரம் உண்டு. தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் வந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

மாத்திரையே நோயாகும்போது

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக உட்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரையானால் மாதம் 10 நாட்களே போதும். சில வகை மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும், நாட்பட்டால் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் கொண்டுவருகின்றன. வலிக்கும் பல்லருகே ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைப்பவர்களும் உண்டு. அது ஈற்றை வேகவைத்துவிடும். புகையிலையை அடக்கி வைப்பதோ அதைவிடக் கொடிய ஆபத்து. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு வாசலாக இருப்பது அதுதான். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் வலியை மரக்கச் செய்யும், சொத்தையைக் குணமாக்காது.

பயம் என்னும் பெரிய தடை

அந்தத் தாயாரை நாற்காலியில் உட்காரவைப்பதே பெரும்பாடாக இருந்தது. “மேல்பல்லைப் பிடுங்கின பிறகுதான் எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு, டாக்டரம்மா” என்று அழுதார். இந்தப் பயம் நம் ஜனங்களிடத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கண்பார்வைக்குரிய நரம்பு வேறு, பல்லுக்குரிய நரம்பு வேறு. பல் எடுப்பதனால் பார்வை மங்குவதில்லை. பல் விழும் வயதும் கண்புரை வளரும் வயதும் ஒன்றாக இருப்பதால் இப்படி ஒரு எண்ணம் உண்டாகியிருக்கிறது. இதை அவருக்குப் படம் வரைந்து காட்டினோம். பல்லை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை, வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம் என்றும் சொன்னோம்.

பல் வேதனையின் சரித்திரம் நீண்டது. கி.பி. 249-ல் அலெக்சந்திரியாவில் உண்டான உபத்திரவத்தில், அப்பொல்லோனியா என்னும் வயது சென்ற கிறிஸ்தவப் பெண்ணின் பற்கள் உடைக்கப்பட்டன. அவர் விசுவாசத்தை விடாமல் மரித்தார். பல்வலிக்காரர்கள் நூற்றாண்டுகளாக அவரை நினைவுகூர்ந்து வந்தார்கள். மயக்கமருந்து மனிதனுக்குக் கிடைத்ததிலும் பல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1844-ல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846-ல் வில்லியம் மார்ட்டன் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலியில்லா அறுவையைப் பலர்முன் காட்டினார். இருவரும் பல் மருத்துவர்களே. இன்று நாங்கள் ஈற்றில் போடும் மரப்பு ஊசியிலுள்ள லிக்னோகெய்ன் 1943-ல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டது. நம் பாட்டனார் காலத்துப் பல் பிடுங்கலுக்கும் இன்றைய சிகிச்சைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சிகிச்சைக்கு வருவோருக்குச் சில யோசனைகள்

• வெறும் வயிற்றோடு வராதீர்கள். பல் பிரிவில் பலர் மயங்கி விழக் காரணம் பசியும் பயமுமே. வழக்கமான உணவை உண்டு, வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டு வாருங்கள்.

• சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, இருதய வால்வு நோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

• காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுதும் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

• “இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்” என்று டாக்டரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

• மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். சிலர் மனதுக்குள் ஒரு பாட்டைப் பாடிக்கொள்கிறார்கள்.

• நீண்ட நேரம் வாயைத் திறந்திருந்தால் தாடை களைத்து, அன்றிரவு பொட்டு வலிக்கலாம். இடையிடையே வாயை மூட அனுமதி கேளுங்கள். பிறகு இரண்டொரு நாள் மிருதுவான உணவும், கன்னத்தில் இளஞ்சூடான துணி ஒத்தடமும் உதவும். வீக்கமோ சீழோ இருந்தால் சூட்டு ஒத்தடம் கூடாது.

• பல் எடுத்திருந்தால் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். ஒரு நாள்வரை துப்புவதும், கொப்பளிப்பதும், புகைப்பதும் கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம்.

• பிள்ளைகளிடம் “சேட்டை பண்ணினால் பல் டாக்டர் ஊசி போடுவார்” என்று பயமுறுத்தாதீர்கள். அந்தப் பயம் முதுமைவரை அவர்களைத் தொடரும்.

பல் கடிக்கும் பழக்கமுள்ளோருக்கு ஒரு எளிய பயிற்சி: உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் சேராதிருக்கட்டும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவேண்டிய அவசியமில்லை. தேவைப்படுவோருக்கு இரவில் அணியும் உறை ஒன்றைச் செய்து கொடுக்கிறோம்.

அந்தத் தாயார் எப்படியிருக்கிறார்?

சிகிச்சைக்கு முன் எங்கள் நர்ஸ் சகோதரி அவருடைய கையைப் பிடித்து ஜெபித்தார்கள். ஊசி போட்ட பிறகு, “இவ்வளவுதானா?” என்று அவர் கேட்டார். மூன்று முறை வந்து வேர் சிகிச்சையை முடித்துக்கொண்டார். வலி மாத்திரையையும் டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்தினோம்.

உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம். மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் அவருடைய தலைவலி அதிகமாயிற்று. அது வழக்கமாக நடப்பதுதான் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஆனாலும் அவர் சோர்ந்துபோய், “நீங்களும் என்னை ஏமாத்திட்டீங்களே” என்றார். அந்த நாட்களில் அவருக்காக நாங்கள் மிகவும் பாரப்பட்டோம். பத்து நாளுக்குப் பிறகு வலி இறங்கத் தொடங்கியது. இன்றும் வெயிலில் அலைந்தால் மாதம் ஒருமுறை தலை வலிக்கிறது என்கிறார். அது அவருக்கிருந்த ஒற்றைத் தலைவலி. பல்லை மட்டும் பார்த்ததினால் அது போகவில்லை. ஆனால் தினசரி வலி இல்லை. வயிற்றெரிச்சல் இல்லை. தெருக்கடையின் மாத்திரைப் பட்டையும் இல்லை. போன மாதம் தம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளின் சொத்தை சிறியது, அடைத்தால் போதுமானதாக இருந்தது.

பெரியவரின் கேள்விக்கு இதுவே எங்கள் பதில். கூலி வேலை செய்கிறவர்கள் சொத்தைக்காக ஒரு நாள் கூலியை இழக்கத் துணிவதில்லை. வலி முற்றிய பிறகே வருகிறார்கள். பிடுங்குவது மலிவு, காப்பாற்றுவதற்குச் செலவு அதிகம். அந்த வித்தியாசத்தை உங்கள் காணிக்கை ஈடுசெய்கிறது. அதனால்தான் பணமில்லாத காரணத்தால் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கவேண்டிய நிலை எங்களுக்குக் குறைகிறது.

ஜெபக் குறிப்புகள்

பயத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஜெபியுங்கள். மாத்திரைப் பழக்கத்திலிருந்து விடுபடப் போராடுகிறவர்களுக்காக ஜெபியுங்கள். எங்கள் கைகளுக்கு மென்மையும், சரியாக நோயறியும் ஞானமும், நோயாளி சொல்வதை முழுதும் கேட்கும் பொறுமையும் வேண்டுமென்று ஜெபியுங்கள்.



அவருடைய ஊழியத்தில் உங்கள்,
பல் மருத்துவப் பிரிவினர்