குகைக்குச் செல்ல இயலாதோருக்கு ஒரு குகைக் கண்காட்சி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர் அனைவரும் பார்வையாளர் கட்டுப்பாட்டை அறிவர். அன்போடு வருபவரின் மூச்சும் கையும் உடையுமே உள்ளே இருப்பவருக்குத் தீங்காக முடியலாம் என்பதால் அக்கதவு அடைக்கப்படுகிறது. இதே காரணத்துக்காக அடைக்கப்பட்ட குகைகளும் உலகில் உள்ளன.

பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டறியப்பட்டது. அதன் சுவர்களில் காளைகளும் குதிரைகளும் மான்களும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டிருந்தன. 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின், நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரத் தொடங்கினர். அவர்கள் விட்ட மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும், உடல் வெப்பமும், விளக்கொளியும் குகையின் காற்றை மாற்றின. சுவரில் பாசி படர்ந்தது. அதற்குப் ‘பச்சை நோய்’ என்று பெயரிட்டனர். ஓவியங்களின்மேல் சுண்ணாம்புப் படலம் படிந்தது. அது ‘வெள்ளை நோய்’ எனப்பட்டது. 1963இல் குகை மூடப்பட்டது. 1983 முதல் மக்கள் அருகில் அமைக்கப்பட்ட மாதிரிக் குகையைக் கண்டு வருகின்றனர். இந்தப் பட்டறிவினால், 1994இல் கண்டறியப்பட்ட ஷோவே குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை.

ஆகவே, குகையின் நலத்துக்காக வெளியே நிற்போரும், தம் உடல்நலத்தால் குகையேற இயலாதோரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். அவ்விடம் ஒளிப்படம். மருத்துவமனையின் நீண்ட நடைவழியில் குகை ஒளிப்படங்களை மாட்டுவதும், அதற்கெனப் போட்டி ஒன்றை நடத்துவதும் வீண் அலங்காரமல்ல. ஆயினும் இரண்டு தரப்பினருக்கும் தீங்கு நேராதவாறு அதனை அமைத்தல் வேண்டும்.

தனியொருவரால் எடுக்க இயலாத படம்

குகைக்குள் இயற்கை ஒளி இல்லை. படத்தில் தெரியும் ஒவ்வொரு கீற்றும் ஒருவர் உள்ளே கொண்டுசென்ற ஒளியே. 1861ஆம் ஆண்டை ஒட்டிப் பாரீசு நகரின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை நாதார் என்னும் ஒளிப்படக் கலைஞர் மின்கல விளக்குகளைக் கொண்டு படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை ஒளி தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதரால் இயலாது என்பதால், தொழிலாளிகளின் இடத்தில் பொம்மைகளை நிறுத்தினார். 1866இல் அமெரிக்காவின் மம்மத் குகையைச் சார்லஸ் வால்டாக் மக்னீசியத்தை எரித்து ஒளியூட்டிப் படமாக்கினார். 1952இல் அதே நாட்டின் கார்ல்ஸ்பாட் குகையில் உள்ள பெருங்கூடம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க 2,400 ஃபிளாஷ் பல்புகள் தேவைப்பட்டன.

இன்றைய கருவிகள் சிறியவை. ஆயினும் முறை மாறவில்லை. கேமரா முக்காலியின்மேல் நிற்கும். ஒருவர் பாறையின் பின்னே மறைந்திருந்து விளக்கைப் பிடிப்பார். மற்றொருவர் கழுத்தளவு குளிர்நீரில் நின்று நீர்ப்பரப்பை ஒளிர்விப்பார். மூன்றாமவர் கூடத்தின் அளவு விளங்குவதற்காக நடுவில் அசையாது நிற்பார். படத்தின் அடியில் எழுதப்படும் பெயர் ஒன்று. அதற்காகக் குளிரில் நின்றவர் பலர். நோயுற்ற ஒருவர் நலம்பெறும்போது அவர் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவரின் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை என்பதை உடனிருப்போர் அறிவர். குகை ஒளிப்படப் போட்டியில் இக்குறையைத் தீர்க்க எளிய வழி உண்டு. விண்ணப்பப் படிவத்திலேயே ‘விளக்கேந்தியவர்கள்’ என்று ஒரு கட்டம் அமைத்து, அப்பெயர்களையும் படத்தின் கீழ் அச்சிடலாம்.

நோயைக் காட்டிக்கொடுத்த படம்

ஒளிப்படத்துக்குக் குகையுலகில் மருத்துவப் பயனும் உண்டு. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில், குளிர்கால உறக்கத்தில் இருந்த வௌவால்களைக் குகை ஆர்வலர் ஒருவர் படமெடுத்தார். அவற்றின் மூக்கில் வெண்மையான பொடி போன்ற ஒன்று காணப்பட்டது. வட அமெரிக்காவில் ‘வெள்ளை மூக்கு நோய்’ இருந்ததற்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்று அந்தப் படமே. குளிரில் வளரும் பூஞ்சை ஒன்று வௌவாலின் தோலைப் பற்றி, அதன் உறக்கத்தை மீண்டும் மீண்டும் கலைக்கிறது. குளிர்காலத்துக்கெனச் சேர்த்துவைத்த கொழுப்பு முன்னரே கரைந்து, அது மடிகிறது. இவ்வாறு இலட்சக்கணக்கான வௌவால்கள் இறந்துள்ளன. இப்பூஞ்சை மனிதருக்கு நோய் தருவதில்லை. ஆனால் மனிதரின் காலணியிலும் உடையிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குகையிலிருந்து மற்றொரு குகைக்குச் செல்லும். எனவே அந்நாட்டில் குகைக்குச் செல்வோர் தம் கருவிகளையும் உடைகளையும் தூய்மைப்படுத்திய பின்னரே அடுத்த குகைக்குள் நுழையுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். ஒரு நோயாளியைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவும் செவிலியரின் ஒழுக்கமும் இதுவே.

போட்டிக்கான விதிகள்

அமெரிக்காவின் தேசியக் குகையியல் சங்கம் 1941இல் தோன்றியது. அதன் ஆண்டு மாநாட்டில் ஒளிப்படப் போட்டி ஒரு நிலையான பகுதி. பன்னாட்டுக் குகையியல் ஒன்றியம் 1965இல் அமைக்கப்பட்டது. அது நடத்தும் பேராயங்களிலும் குகை ஒளிப்படங்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. சிறிய அளவில் ஒரு மருத்துவமனை போட்டி நடத்தும்போதும், கீழ்க்காணும் விதிகள் முதல் அறிவிப்பிலேயே இடம்பெறுதல் நன்று.

முதலாவது, படத்துக்காகக் குகையில் எதனையும் உடைத்தலோ அகற்றலோ கூடாது. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள் துளித்துளியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்தவை. கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே அங்கே அவற்றின் வளர்ச்சி தடைப்படலாம்.

இரண்டாவது, உறங்கும் வௌவால்களையும் குட்டியுடன் இருப்பவற்றையும் ஒளியால் எழுப்பி எடுத்த படங்கள் ஏற்கப்படா. பழங்கால ஓவியங்கள் உள்ள இடங்களில் காப்பு அதிகாரிகளின் விதிகளே இறுதியானவை.

மூன்றாவது, நலிந்த குகைகளின் இருப்பிடத்தை வெளியிடலாகாது. ஊரின் பெயரோ வழியோ படக்குறிப்பில் வேண்டா. படக்கோப்பில் தானாகப் பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்கிவிடல் வேண்டும். நோயாளியின் விவரங்களை மறைபொருளாகக் காக்கும் மருத்துவமனைக்கு இவ்விதி புதிதன்று.

நான்காவது, ஒரே இடத்தில் பலமுறை ஒளியூட்டி எடுத்த படங்களை ஒன்றாக இணைத்திருப்பின் அதனைக் குறிப்பிட வேண்டும். இருளில் அது நேர்மையான தொழில்முறையே. இல்லாத குகையைக் கணினியில் உருவாக்குவது வேறு; அது போட்டியில் சேராது.

நடுவர் மூவரேனும் இருப்பது நல்லது. ஒருவர் ஒளிப்படக் கலைஞர். ஒருவர் குகைகளை நன்கறிந்தவர். மூன்றாமவர் நோயாளிகளின் மனநிலை அறிந்த செவிலியர் அல்லது உளவியல் ஆலோசகர். படங்கள் பெயரின்றி எண்ணுடன் மட்டுமே அவர்களிடம் செல்லட்டும். கலைஞர் பாராட்டும் ஒரு படத்தில் உடைந்த கூம்பு ஒன்று கிடப்பதைக் குகையறிந்தவர் கண்டுபிடிப்பார். அதே படம் அச்சமூட்டுமா என்பதை மூன்றாமவர் சொல்வார்.

சுவருக்கு எந்தப் படம்?

பரிசுபெற்ற படமெல்லாம் மருத்துவமனைச் சுவருக்கு உகந்ததாக இருப்பதில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளில், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர்; வலுவான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. பின்னர் சுவீடனில் இதய அறுவைக்குப் பிந்தைய நோயாளிகளுக்குப் படங்களைக் காட்டி அவரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தனர். நீரும் திறந்த வெளியும் கொண்ட காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. அடைபட்ட காட்டுக் காட்சியைப் பார்த்தவர்களிடம் அந்த அளவு பயன் தெரியவில்லை.

குகைப் படங்களைத் தேர்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குகையின் வாயிலிலிருந்து பகலொளி பாயும் படம், தெளிந்த நிலத்தடி நீரோடை, உயர்ந்த கூடத்தில் விளக்கேந்தி நிற்கும் மனிதர் ஆகியவை நடைவழிக்கு ஏற்றவை. மார்பு உரசத் தவழ்ந்து செல்லும் இடுக்கு வழி, அடி தெரியாத பள்ளம், எலும்புக் குவியல் ஆகியவை எத்துணைச் சிறந்தவையாயினும் காத்திருக்கும் கூடத்துக்கு ஆகா. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குச் செல்லும் வழியில் குறுகிய இடத்தைக் காட்டும் எந்தப் படமும் வேண்டா. மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு அந்தக் குழாயினுள் படுப்பதே பெரும் சோதனை.

மாட்டும் முறை

பொதுக் கண்காட்சிகளில் படத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் அமைவது வழக்கம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டம் அதனினும் மிகத் தாழ்ந்தது. 130 செ.மீ. அளவில் மாட்டினால் நிற்பவரும் அமர்ந்தவரும் ஒருங்கே காணலாம். இருண்ட படத்தின்மேல் கண்ணாடி இருப்பின் அது நிலைக்கண்ணாடி போல் ஆகி, குழல்விளக்கையும் பார்ப்பவரின் முகத்தையுமே காட்டும். ஆகவே ஒளி தெறிக்காத மேற்பரப்பு தேவை. கிருமிநாசினி கொண்டு துடைத்தாலும் கெடாத சட்டமாக அது இருக்கிறதா என்பதை நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் முன்னரே கேட்டுவிட வேண்டும். படங்கள் சுவரில் உறுதியாகப் பதிந்திருக்கட்டும். நடைவழியில் தாங்கிகளை நிறுத்தினால் ஸ்டிரெச்சருக்கு இடையூறாகும்.

படக்குறிப்பு பெரிய எழுத்தில் ஐந்து வரிக்குள் அடங்கட்டும். பார்வை குறைந்தவர்களுக்காக அதனையே ஒருவர் குரலில் பதிந்துவைக்கலாம். படுக்கையை விட்டு எழ இயலாதவர்களுக்கு, துடைத்தெடுக்கக்கூடிய நெகிழி உறையிட்ட படங்களைத் தொகுப்பாக்கிப் படுக்கையருகே கொண்டுசெல்லலாம். காட்டுவதற்கு முன் அவரது விருப்பத்தைக் கேட்பது முறை. ‘இன்று வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அன்றைக்கு அதுவே விடை.

நடுவர்கள் அளிக்கும் பரிசுடன் ‘நோயாளிகளின் தேர்வு’ என ஒரு பரிசும் இருக்கட்டும். மாத்திரை நேரம், உணவு நேரம், ஊசி நேரம் எல்லாம் பிறரால் முடிவு செய்யப்படும் நாட்களில், தாமே முடிவு செய்யக் கிடைக்கும் வாக்குச்சீட்டு சிறியதாயினும் மதிப்புடையது. உடனிருப்போருக்கும் ஒரு சீட்டு உண்டு. இருவரும் வெவ்வேறு படங்களைத் தேர்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், நோயைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசச் சிறிது நேரம் கிடைத்ததாகும்.

நேரில் காண விரும்புவோருக்கு

படங்களைக் கண்டபின், நலம்பெற்றதும் குகைக்குச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் சிலருக்கு எழலாம். நல்ல ஆவல் அது. ஆயினும் இரண்டு குறிப்புகளை மனத்திற்கொள்க. வௌவால் எச்சம் கலந்த மண்ணில் ‘ஹிஸ்டோபிளாஸ்மா’ என்னும் பூஞ்சை வளரக்கூடும். அந்தத் தூசியைச் சுவாசித்த பெரும்பாலோருக்குத் தொல்லை ஏதும் தோன்றாது. ஆனால் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், புற்றுநோய் மருந்து பெறுவோர், ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் உட்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்றினால் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அது கடுநோயாகலாம். இவர்களும், இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் பயணத்துக்கு முன் தம் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.

சென்று வந்தவர்களுக்குக் காய்ச்சல், இருமல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் ‘நான் குகைக்குப் போயிருந்தேன்’ என்று தாமாகவே சொல்ல வேண்டும். ஹிஸ்டோபிளாஸ்மா நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 17 நாட்களுக்குள் வெளிப்படும். அவை நிமோனியாவைப் போலவோ காசநோயைப் போலவோ தோன்றலாம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான் மருத்துவர் சரியான பரிசோதனையை எண்ணிப் பார்ப்பார்.